மூலக்கொத்தளம் தீவனக் கடை: கிழக் குதிரைக்கு வாங்கிய அனுபவம்

சென்னை மூலக்கொத்தளத்தில் பெயர்ப்பலகை இல்லாத மாட்டுத் தீவனக் கடை ஒன்று இருக்கிறது. ஐந்து மாதமாக அங்கேதான் வாங்குகிறேன். மாட்டுக்கு இல்லை, குதிரைக்கு.

கல்யாண ஊர்வலத்துக்கு விட்டுக்கொண்டிருந்த பெண் குதிரை அது. நடை தளர்ந்ததும் அடிதான். முதுகில் சேணம் அறுத்த புண், எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. வியாசர்பாடியில் பூட்டிக் கிடந்த என் லேத் பட்டறையில் கொண்டுவந்து கட்டினேன். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் பல்லைப் பார்த்துவிட்டு, வயது 25-க்கு மேல் என்றார்கள்.

முதல் நாள் கடையில் போய் "ஒரு மூட்டை கொள்ளு, நாலு கட்டு வைக்கோல்" என்றேன். கடைக்காரப் பெரியவர் தராசுப் பக்கமே போகவில்லை.

"பல்லு எப்படிப்பா இருக்கு அதுக்கு?"

வைக்கோலை மென்று உருண்டை உருண்டையாகத் துப்புகிறது என்றேன். அவ்வளவுதான், மூட்டையை விற்க மறுத்துவிட்டார். பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதல் பத்து நாள் கொள்ளே கூடாதாம். குதிரைமசால் என்ற பசுந்தீவனத்தைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை வைக்கச் சொன்னார். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றுவலியில் போய்விடும், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்றார். மலிவாக இருக்கிறதே என்று தவிட்டைக் கேட்டதற்கும், "அதையே போட்டு நிரப்பாதே, எலும்பு கெடும்" என்றார். டாக்டரிடம் கேட்டேன். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, அவர் சொன்னது சரிதான் என்றார். வியாபாரியே விற்பனையைக் குறைத்துக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குதிரைமசால் பச்சையாக, மண் இல்லாமல் வருகிறது. நறுக்கித் தர கட்டுக்கு ஐந்து ரூபாய் தனி. கொடுத்துவிடுங்கள், வீட்டில் அரிவாளோடு உட்கார்ந்தால் விடிந்துவிடும். மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து போடுவார்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மட்டும் வண்டி வராது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு. மழை நேரத்தில் ஒருமுறை வைக்கோல் முக்கல் வாடையோடு வந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. திருப்பிக் கொண்டுபோனேன். கல்லாவில் இருந்த பையன், "மாடு தின்னுது, குதிரை தின்னாதா?" என்றான். பூஞ்சை வைக்கோலைத் தின்றால் குதிரைக்கு இருமலும் வயிற்றுவலியும் வரும் தம்பி, அதுவும் இந்த வயசில்! வாதாடிப் பார்த்தேன், மாற்றித் தரவில்லை. மறுநாள் பெரியவர் வந்து மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து கட்டை அங்கேயே பிரித்து மோந்து பார்த்துத்தான் வாங்குகிறேன்.

காலையில் போங்கள். பதினோரு மணிக்கு மேல் கடையில் அந்தப் பையன்தான் இருப்பான்.