ஆர்எக்ஸ் 100-க்கு போர்ட்டிங் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பிளாக்குக்கு அடியில் தகடு வைத்து ஏமாற்றுகிறார்கள்

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு போர்ட்டிங் செய்து தருவதாகச் சொல்லும் பட்டறைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. சிலிண்டர் பிளாக்கின் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளை (போர்ட்) அராவி மாற்றுவதுதான் போர்ட்டிங். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. கையில் இருக்கும் ஒரிஜினல் பிளாக் கெட்டுப்போனால் இன்னொன்று கிடைப்பது பெரும்பாடு. அதனால்தான் விவரமாகவே எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பட்டறையில் வண்டியைக் கொடுத்தேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்துவது, கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளைச் சீராக்குவது, அதற்கேற்ப பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டை லேத்தில் கடைவது என்று பேச்சு. கூலி 9,000 ரூபாய். முழுவதையும் பட்டறைக்காரர் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

வண்டி திரும்பி வந்தபோது கிக்கர் பஞ்சாக இறங்கியது. மேட்டில் இரண்டாவது கியரில்கூட இழுவை இல்லை. கேட்டதற்கு, "ரேஸ் டியூன்னா கீழ இழுக்காதுங்க தம்பி. மேல போய்ப் பாருங்க, பறக்கும்" என்றார்.

இந்தப் பதில்தான் ஆளை மயக்குவது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. போர்ட் சீக்கிரம் திறந்தால் குறைந்த வேகத்தில் இழுவை குறையும், அதிக ஆர்பிஎம்மில் பவர் கூடும். ஆனால் என் வண்டியில் கீழே போனது மேலே வரவே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஐடிலிங் தானாக ஏறி நின்றது. அப்புறம் அவிநாசி சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. பின்னால் லாரி இல்லாததால் தப்பித்தேன்.

வேறொரு பழைய மெக்கானிக்கிடம் பிரித்தோம். போர்ட்டுகளில் அரம் பட்ட தடமே இல்லை, வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. "இதுல கையே வைக்கலீங்க தம்பி" என்றார். பிளாக்குக்கும் அதன் அடியில் இருக்கும் கிராங்க் கேசுக்கும் நடுவில் ஒன்றரை மி.மீ. அலுமினியத் தகடு, மேலும் கீழும் பேக்கிங், பிசின். நடந்த வேலை அவ்வளவுதான்.

தகடு வைத்து பிளாக்கை உயர்த்தினால் போர்ட்டுகளும் மேலே போகும்; அது தன்னளவில் தப்பான வேலை இல்லை. ஒழுங்காகச் செய்பவர்களும் செய்கிறார்கள். ஆனால் உயர்த்திய அளவுக்கு பிளாக்கின் மேல்பக்கத்தையோ ஹெட்டையோ கடைந்தாக வேண்டும். இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ. ஒரு மி.மீ. தூக்கினாலே எரியும் அறையில் சுமார் 2 சி.சி. கூடிவிடும். கம்ப்ரெஷன் விழுந்ததும் கிக்கர் லேசாக இறங்கியதும் அதனால்தான். ஈயக்கம்பியை உள்ளே விட்டு நசுக்கிப் பார்த்தபோது, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மி.மீ. தாண்டியிருந்தது. இது 1 மி.மீ.யை ஒட்டி இருந்தால்தான் நல்லது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மொத்த பிளாக்கையும் 1 மி.மீ. தூக்கினால் எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் நேரம், கிராங்க் சுற்றும் கோணத்தில் சொன்னால், சுமார் 4 முதல் 5 டிகிரி கூடும்; டிரான்ஸ்ஃபருக்கோ சுமார் 6 டிகிரி கூடும். பிஸ்டன் கீழே போகப் போக மெதுவாக நகர்வதுதான் காரணம். ஆக, எக்ஸாஸ்ட் திறந்த பிறகு டிரான்ஸ்ஃபர் திறக்கும்வரை புகை வெளியேறக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. அதிக ஆர்பிஎம்முக்குத் தேவையானதே அந்த அவகாசம்தான். தகடு வைத்த கையோடு எக்ஸாஸ்ட் விளிம்பைத் தனியாக அராவாவிட்டால் மேலேயும் பவர் வராது.

ஜாம் ஆனதற்குக் காரணம் தகட்டின் ஓரக் கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோலும், அதோடு வரும் ஆயிலும் காற்றுக்கு ஈடாக இருக்காது. பிளக் வெள்ளையாகும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, பிளாக் உயர்ந்ததில் ஹெட் நட்டுகளுக்குள் ஸ்டட்டின் (ஹெட்டைப் பிடிக்கும் கம்பியின்) மரை முழுதாக ஏறவும் இல்லை.

முதல் பட்டறைக்குத் திரும்பப் போய்த் தகட்டைக் காட்டினேன். "அது நாங்க வெச்சதில்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பணம் வரவில்லை. சிலிண்டரை அடுத்த ஓவர்சைஸுக்குக் கடைந்து (போர் அடித்து), புது பிஸ்டன் போட்டதில் பிளாக் தப்பித்தது.

கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே டிகிரி வீல் (கிராங்கில் மாட்டிக் கோணம் பார்க்கும் வட்டு) வைத்து எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் இரண்டின் டிகிரியையும் குறிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே அளவை மறுபடி கேளுங்கள். டிகிரி வீலே இல்லாத பட்டறை என்றால் வண்டியை இறக்கவே வேண்டாம். போர்ட்டுகளின் உள்பக்கத்தைப் போட்டோ எடுங்கள், பிளாக்கில் உங்களுக்கு மட்டும் தெரியும்படி ஓர் அடையாளம் போடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலப்படுத்துவதாகச் சொன்னால் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், போரின் 70 சதவீதம், அதாவது 35 மி.மீ., தாண்டினால் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். அராவிய விளிம்புகளைச் சரித்து மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜினைப் பூட்டியதும் லீக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: வாய்களை அடைத்துக் கைப்பம்பால் லேசாகக் காற்றடித்து, பிளாக்கின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். குமிழி வந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பாக்கிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.