டெம்ப்ளேட் பிட் வாங்கலாமா, இருக்கும் பிட்டில் பேரிங் மாட்டலாமா?

ஓசூரில் எலக்ட்ரிக் கிடார் செய்யத் தொடங்கிய தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். டெம்ப்ளேட் பிட் என்பது தண்டில் பேரிங்கோடே வரும் ரூட்டர் (மரம் குடையும் மின்கருவி) பிட். பேரிங் டெம்ப்ளேட்டின், அதாவது மாதிரிப் பலகையின், ஓரத்தைத் தொட்டு உருள, பிட் அதே வடிவில் மரத்தை வெட்டும்.

செலவு: டெம்ப்ளேட் பிட்டுக்குக் கூடுதல். வெறும் பேரிங் மலிவு. பேரிங் கடையில் 688 என்றால் எடுத்துத் தருவார்கள்.

அளவு: வாங்கிய பிட்டில் பேரிங்கும் வெட்டும் விட்டமும் ஒன்றே. மாட்டுவதில் கணக்கு நம்முடையது. 688-க்கு உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 16. தண்டு 8, வெட்டு 16 என்றுள்ள நேர் பிட்டில் டெம்ப்ளேட்டை ஒட்டியே வெட்டும். அதையே 19 மி.மீ. பிட்டில் போட்டால் சுற்றிலும் 1.5 மி.மீ. அகலும், கிடாரின் கழுத்து உட்காரும் கழுத்துப் பள்ளம் லொடலொடத்துவிடும்.

உறுதி: இங்கேதான் கவனம் வேண்டும். லாக் காலர் (பேரிங் நகராமல் தண்டில் இறுக்கும் வளையம்) இல்லாமல் ஒருமுறை மாட்டினேன். பேரிங் தண்டில் மேலே ஏறி, பிட்டின் பல் டெம்ப்ளேட்டையே கடித்தது. அந்தத் தழும்பு அப்படியே பலா உடம்பிலும் விழுந்தது. பேரிங்குக்கு மேல் காலரை இறுக்காமல் ரூட்டரை ஓட்டவே கூடாது.

மூலை: 16 மி.மீ. பிட் 8 மி.மீ. ஆர வளைவு விடும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உட்காரும் குழிக்கு அது பெரிது.

உடம்பின் வெளிவடிவம் மட்டும் என்றால் பேரிங் மாட்டிக்கொள்ளுங்கள். பிக்கப் குழிக்கு மெல்லிய டெம்ப்ளேட் பிட்டையே வாங்குங்கள். கழுத்துப் பள்ளத்துக்கும் அதுதான் சரி.