50 வயதில் வேலையை விடும் திட்டம்: பன்னிரண்டு வருடம் பாவித்த பிறகு

2013 சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கிழமை ஒரு சீஆர் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் 2029 என்று பெரிதாக எழுதினேன். அப்போது எனக்கு 34 வயது. விநியோகக் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை, சம்பளம் 38,000 ரூபாய். மனுசி ஆசிரியை, கைக்கு 24,000 வரும். மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். 50 வயதோடு வேலையை விட்டுவிட்டு, காலையில் வாவிக்கரை, பின்னேரம் வாசிகசாலை என்று இருப்பதுதான் திட்டம். இப்போது 2025. இரண்டு கொப்பி முடிந்து மூன்றாவது ஓடுகிறது.

இலக்குத் தொகையைக் கண்டுபிடித்ததே ஒரு கூத்து. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994 இல் ஒரு கணக்குச் சொன்னார். சேர்த்ததில் முதல் வருடம் 4 வீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்குமாம். புரட்டிப் பார்த்தால் ஒரு வருடச் செலவின் 25 மடங்கு. எங்கள் மாதச் செலவு அப்போது 42,000. ஆக 1 கோடியே 26 லட்சம். எட்டாத உயரம் என்று படவில்லை. இன்று அதே குடும்பத்துக்கு மாதம் 1,30,000 போகிறது. 25 மடங்கு என்றால் 3 கோடியே 90 லட்சம். நான் ஒரு படி ஏற, ஏணி மூன்று படி நீண்டது. பெங்கன் பார்த்தது அமெரிக்கச் சந்தையை. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி 69.8 வீதம் பணவீக்கம் கண்ட நாட்டுக்கு அதை அப்படியே போட்டது என் பிழை.

ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. சம்பளத்தில் என் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12, கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டு போகிறது. வட்டி 2022 க்கு 9 வீதம், 2023 க்கு 13, 2024 க்கு 11. ஆனால் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 ஆனால்தான் முழுக்காசும் கைக்கு வரும். 50 இல் நிற்க நினைக்கும் ஆம்பிளைக்கு நடுவில் ஐந்து வருடம் பாலமில்லாத ஆறு. கம்பனி தனியாகக் கட்டும் 3 வீத ஈடிஎப்பை (ஊழியர் நம்பிக்கை நிதியம்) வேலையை விட்டவுடன் எடுக்கலாம், அது ஒரு தோணி மாதிரி உதவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் என் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிக்கொண்டு பதினொரு மாதம் நிதிக்குக் கட்டவேயில்லை. சம்பளச் சீட்டை நம்பி இருந்தேன். கணக்குக் கூற்றைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முறைப்பாடு கொடுத்துத்தான் வாங்கினேன். கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கே இந்தக் கதி.

நிலையான வைப்பில் பட்ட அடிதான் பெரிது. 2022 தை மாதம் ஐந்து லட்சத்தை ஒரு வருடத்துக்கு 7 வீதத்துக்குப் பூட்டினேன். சித்திரையில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. ஆவணியில் வைப்பை உடைத்தேன். வட்டியில் முக்கால்வாசி போனது. அந்தக் காசைத் திறைசேரி உண்டியலில், அதாவது அரசுக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடனில் போட்டேன். அந்த வருடப் பின்பாதியில் வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது ஊரெல்லாம் அதே பேச்சு, தேத்தண்ணிக் கடையில் கூட. எனக்கும் ஒரு பெருமை. ஆனால் அரிசியும் பால்மாவும் 30 வீதத்தோடு நின்றதா என்ன? கொப்பியில் ஏறிய காசு சந்தையில் இறங்கியே இருந்தது.

இப்போது வைப்புகளை மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி என்பதால் இரண்டு வங்கி. 2025 சித்திரையிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி வெட்டுகிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருந்தால் அதை வெட்டாமல் இருக்க வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுக்கலாம், மறக்க வேண்டாம்.

சீட்டு? மனுசியும் அவவோடு படிப்பிக்கிற ஆசிரியைகளும் பிடிப்பது, இருபது பேர், மாதம் 5,000. வட்டி ஒரு சதமும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாதமும் தவறாத ஒரே சேமிப்பு அதுதான், ஏனென்றால் கட்டாவிட்டால் மற்ற ஆசிரியைகளின் முகத்தில் முழிக்க ஏலாது. 2022 கடைசியில் விழுந்த லட்சம் மட்டும் தொடங்கியபோது இருந்த லட்சமாக இல்லை. நகை பற்றிச் சுருக்கமாக: 2014 இல் பவுண் 45,000 க்குக் கிட்ட வாங்கினோம், இப்போது இரண்டு லட்சத்துக்கு மேலே. மிகச் சிறந்த முதலீடு. ஆனால் அது பிள்ளைகளுடையது, என் கணக்கில் சேராது.

இனித்தான் உண்மையான விஷயம். இணையத்தில் உள்ள ஓய்வுக்கணக்கெல்லாம் வீடு உன்னுடையது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும். மட்டக்களப்பில் முதலில் கையை விட்டுப் போவது வீடுதான், மகளுக்குச் சீதனமாக. நாங்கள் இருக்கும் வீடு மாமி மனுசிக்குச் சீதனமாக எழுதியது. மாமி பின்வளவில் இரண்டு அறையில் இருக்கிறா. முறைப்படி இது மூத்தவளுக்கு, இளையவளுக்கு இன்னொன்று கட்ட வேண்டும். அப்போ 50 வயதில் வேலையை விட்ட நான் எங்கே படுப்பது? 2013 கொப்பியில் இந்தக் கேள்வியே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

2021 இல் பத்துப் பேர்ச் காணியில் இளையவளுக்கு அத்திவாரம் போட்டோம். 1,000 ரூபாய்ப் பக்கம் இருந்த சீமெந்துப் பை அடுத்த வருடம் 3,000 ஐத் தொட, நிலை வைத்த மட்டத்தோடு வேலை நின்றது. இதுவரை 24 லட்சம் விழுங்கிவிட்டது. அதை நீக்கினால் மிச்சம் 29 லட்சமும் ஈபிஎப்பும். சீதனம் வேண்டாம் என்று நின்று பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னா: "மருமகன், நீங்க வாங்கேக்க வேணாமெண்டு சொல்லல்லயே." அதற்கு மேல் என்ன பேச?

இப்போது திட்டம் 2034, அதாவது 55. ஈபிஎப் கைக்கு வரும், ஆற்றுக்குப் பாலம் தேவையில்லை. மனுசியிடம் சொன்னபோது சிரித்தா. "நீங்க எப்ப வேணுமெண்டாலும் நில்லுங்க. நான் அறுவது வரைக்கும் பள்ளிக்கூடம் போறன், பென்சன் இரிக்கி. நான் வரக்குள்ள சோறு மட்டும் ஆக்கி வெச்சிரிங்க."

நின்ற வேலை திரும்பத் தொடங்கி, இளையவளின் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. இந்த மாதச் சீட்டு எங்களுக்கு விழுந்தால் உள்பக்கப் பூச்சைத் தொடங்கலாம் என்று மேசன் சொல்லியிருக்கிறார். பின்பக்கம் ஒரு சின்ன அறைக்கும் கோடு கீறச் சொன்னேன்.