டயரா, லிஃப்டா? கையில் இருப்பது ஒரு செலவுக்குத்தான்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓடுகிற ரெனோ டஸ்டர் காரை டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கம் கொண்டுபோக ஆசை. காசு ஒன்றுக்குத்தான் என்றால், கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயரா, வண்டியை 40 மி.மீ. உயர்த்தும் லிஃப்டா?

என் ஓட்டு டயருக்கு. மலைப்பாதையில் வண்டியை உட்காரவைப்பது பெரும்பாலும் பள்ளமல்ல, கூரான கல். சாதாரண டயரின் பக்கச்சுவர் மெல்லியது. அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்டி ஒப்பேற்ற முடியாது, டயரையே மாற்ற வேண்டும். ஆல்-டெரெய்னில் பொதுவாக அந்தச் சுவர் தடிமன். கரடுமுரடு தொடங்கும் இடத்தில் காற்றை 1.6 பார் அளவுக்கு இறக்கினால் டயர் கல்லின் மேல் அமுங்கிப் படியும், நம் முதுகும் தப்பிக்கும். தார்ச்சாலை வந்ததும் திரும்பக் காற்றடிக்க, லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரெசர் போதும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் இரையும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சரி, தாங்கிக்கொள்ளலாம்.

லிஃப்ட் பார்க்க மிடுக்கு. வண்டியின் அடி கல்லில் உரசுவது குறையும் என்பதும் உண்மை. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கூடுதலாகச் சாய்வதால், அதன் வளையும் இணைப்பான சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். சக்கர அலைன்மென்ட் மறுபடி பார்க்கணும். பின்சீட்டில் ஏறும் பாட்டியின் முணுமுணுப்பு தனி.

அப்புறம் ஒன்று: எதைப் போட்டாலும் டூ-வீல் டிரைவ் வண்டி, லெசோத்தோவுக்குப் போகும் 2,876 மீட்டர் உயரச் சானி கணவாய்க்கு ஏற முடியாது. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் ஃபோர்-வீல் டிரைவுக்கு மட்டும்தான் அனுமதி.