பூசானா, இஞ்சியோனா: எந்தத் துறைமுகத்தில் வழிகாட்டியோடு நடப்பது?

கொரியா போகிறவர்கள் சியோலில் நான்கைந்து நாள் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளை என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். ஒரு துறைமுக நகரின் பழைய தெருக்களில் நடங்கள், நடக்கிற வழியிலேயே சாப்பிடுங்கள் என்பேன். கொரியாவின் கடந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் பெரும்பகுதி கப்பல் துறைகளில் நடந்தது. அந்நிய வணிகர்கள் வந்து இறங்கியதும், அகதிகள் வந்து சேர்ந்ததும், அமெரிக்கக் கோதுமை மாவு மூட்டைகள் வந்து குவிந்ததும் அங்கேதான்.

சரி, எந்த ஊர்? சியோலின் ஒன்றாம் எண் மெட்ரோவில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் இஞ்சியோன். கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் பூசான். உணவும் வரலாறும் சேர்ந்த நடைக்கு இரண்டு ஊர்களிலும் வழிகாட்டிகள் கிடைக்கிறார்கள். இரண்டிலும் ஒருமுறை வழிகாட்டியோடும் ஒருமுறை தனியாகவும் நடந்திருக்கிறேன். விளம்பரத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். நடந்து பார்த்தால் அப்படி இல்லை.

இஞ்சியோன்

இங்கே நடையைத் தொடங்குவது சுலபம். இஞ்சியோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு எதிரிலேயே சைனாடவுனின் அலங்கார வளைவு நிற்கிறது. ஜெமுல்போ என்று அழைக்கப்பட்ட இந்தச் சிறிய கடலோர ஊர் 1883இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஜப்பானியருக்கு ஒரு பகுதி, அடுத்த ஆண்டு சீனருக்கு ஒரு பகுதி என்று நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் எல்லையாக இருந்த கற்படிக்கட்டு இன்றும் இருக்கிறது. அதில் ஏறும்போது ஒரு பக்கத்துக் கல்விளக்குகள் சீனப் பாணி, மறுபக்கத்து விளக்குகள் ஜப்பானியப் பாணி. இடது கை ஒரு பேரரசில், வலது கை இன்னொரு பேரரசில் என்று நடக்கலாம். யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும் இடம் அது.

இங்கே சாப்பிட வேண்டியது ஜாஜாங்மியோன். கறுப்புப் பயற்று விழுதில் பன்றி இறைச்சியும் வெங்காயமும் வதக்கி, கோதுமை நூடுல்ஸின் மேல் ஊற்றித் தருவார்கள். ஷாண்டோங் பகுதியிலிருந்து வந்த சீனர்களின் உணவு இந்த மண்ணில் இனிப்பேறி, கறுப்பேறி, கொரிய உணவாகவே மாறிவிட்டது. வீடு மாற்றும் நாளிலும் பள்ளிப் படிப்பு முடிக்கும் நாளிலும் கொரியர்கள் இதைத்தான் வரவழைத்துச் சாப்பிடுவார்கள். இந்த உணவோடு சேர்த்துச் சொல்லப்படும் கோங்ஹ்வாசுன் என்ற கடையின் பெயருக்குக் ‘குடியரசின் வசந்தம்’ என்று பொருள். சீனாவில் மன்னராட்சி முடிந்து 1912இல் குடியரசு பிறந்தபோது சூட்டிய பெயர். கடை 1983இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் 2012 முதல் ஜாஜாங்மியோன் அருங்காட்சியகம் இயங்குகிறது.

சைனாடவுன் அடுப்புகளில் கோங்கல்பாங் சுடுகிறார்கள். பந்து போல உப்பிய ரொட்டி, உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, அடிப்பக்கம் மட்டும் லேசாக இனிப்பு ஒட்டியிருக்கும். ‘கோங்கல்’ என்றால் பொய். ‘பாங்’ என்றால் ரொட்டி, போர்ச்சுகீசியச் சொல் ஜப்பான் வழியாகக் கொரியாவுக்கு வந்தது. இலங்கைத் தமிழர் சொல்லும் ‘பாண்’ என்ற சொல்லும் அதே போர்ச்சுகீசிய மூலத்திலிருந்து வந்ததுதான். இதை ஒரு யாழ்ப்பாண நண்பரிடம் சொன்னபோது, கையிலிருந்த பொய்ப் பாணை உடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்து பழைய ஜப்பானிய வங்கிக் கட்டடங்கள், 1888இல் தொடங்கிய தேபுல் ஹோட்டல் இருந்த இடத்தில் திரும்பக் கட்டிய காட்சிக்கூடம், மேட்டில் ஜாயு பூங்கா. பூங்காவில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் சிலை. கொரியப் போரில், 1950 செப்டம்பர் 15 அன்று, அவர் தலைமையில் ஐ.நா. படை இங்கே கரையிறங்கியது. இந்தக் கடலில் நீர் ஏறும் ஓதத்துக்கும் இறங்கும் வற்றுக்கும் வேறுபாடு ஒன்பது மீட்டர் வரை போகும். நீர் வற்றினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் காலை ஓதத்தில் வொல்மிடோ தீவைப் பிடித்துவிட்டு, மாலை ஓதம் வரும் வரை மற்ற படைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பூங்காவில் நின்று துறைமுகத்தைப் பார்த்தபடி இதை நினைத்துப் பார்த்தால் அந்தத் திட்டத்தின் ஆபத்து உறைக்கும்.

கடைசியாகச் சின்போ சந்தை. காரமும் இனிப்புமாகப் பாகு பூசிய பொரித்த கோழி, டக்கங்ஜோங், இங்கே பேர்போனது. எனக்கு அதைவிட ஜோல்மியோன் பிடிக்கும். ரப்பர் போல இழுபடும் நூடுல்ஸ், மேலே முட்டைக்கோஸ், வெள்ளரி, முளைகட்டிய பயறு, சிவப்பு மிளகாய் விழுது. 1970களின் தொடக்கத்தில் இவ்வூர் நூடுல்ஸ் ஆலையில் தவறாகப் பெரிய துளையுள்ள அச்சைப் போட்டதில் பிறந்தது என்று சொல்கிறார்கள்.

இவ்வளவும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏற்றம் கொஞ்சம்தான். முக்கியக் கட்டடங்களின் முன்னால் ஆண்டு, பெயர், கதை எழுதிய பலகை இருக்கிறது. என் வழிகாட்டி நல்லவர், நிறையப் படித்தவர். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி பலகையிலேயே இருந்தது. மீதிப் பாதியில் மிக முக்கியமானது இது: கொரியச் சீனர்கள் நிலம் வாங்கவும் தொழில் செய்யவும் பல ஆண்டுகள் கடுமையான கட்டுப்பாடு இருந்தது, அதனால் பலர் தைவானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இன்று பளபளக்கும் சிவப்பு விளக்குகள் பின்னால் வந்த புதுப்பிப்பு. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் போதும், இஞ்சியோனைத் தனியாகவே படித்துவிடலாம்.

பூசான்

பூசானில் தனியாக நடந்தபோது நான் பார்த்தது ஒரு மீன் சந்தை, ஒரு துணிச் சந்தை, சில படிக்கட்டுகள், ஒரு பாலம். நன்றாகச் சாப்பிட்டேன், படம் எடுத்தேன், கிளம்பினேன். அடுத்த முறை வழிகாட்டியோடு அதே தெருக்களில் நடந்தபோதுதான் முதல் முறை எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது.

1876இல் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகம் கொரியப் போரில் வடக்குப் படையின் கையில் சிக்காத மிகச் சில நகரங்களில் ஒன்று. 1950 முதல் 1953 வரை, இடையில் சில மாதங்கள் தவிர, நாட்டின் தற்காலிகத் தலைநகரமும் இதுதான். 1950 டிசம்பரில் வடக்கே ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்களைக் கப்பல்களில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்தார்கள். ஓடிவந்தவர்கள் பிரியும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது: ‘பூசானில் யோங்டோ பாலத்தடியில் சந்திப்போம்.’ எல்லாருக்கும் பெயர் தெரிந்த அடையாளம் அந்த ஊரில் அது ஒன்றுதான். 1934இல் கட்டிய பாலம், கப்பல் போக ஒரு பக்கம் மேலே தூக்கும். தேடி வந்தவர்கள் நாள்கணக்கில் அங்கே நின்றார்கள். பாலத்தடியில் குறி சொல்கிறவர்களின் கடைகள் வரிசையாக முளைத்தன. அம்மா உயிரோடு இருக்கிறாளா, தம்பி கரை சேர்ந்தானா என்று கேட்க ஒரு தெருவே தேவைப்பட்டிருக்கிறது. அங்கே இன்று பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை. சொல்ல ஆள் இருந்தால்தான் அந்த இடம் பேசும்.

இங்கே சாப்பாடும் அதே கதையின் தொடர்ச்சி. வடக்கே பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் குளிர்ந்த நூடுல்ஸ் நெங்மியோன். ஓடிவந்தவர்களுக்கு பூசானில் அந்த மாவு கிடைக்கவில்லை, அமெரிக்க நிவாரணக் கோதுமை மாவு கிடைத்தது. அதில் பிசைந்து இழுத்ததுதான் மில்மியோன். ஐஸ் மிதக்கும் சாற்றில் வரும் இந்த நூடுல்ஸை ஜூலை மாத வெயிலில் சாப்பிட்டால் அமிர்தம். ஆனால் ஊரை இழந்தவர்கள் ஊர்ச் சுவையைக் கிடைத்த மாவில் திரும்பச் செய்து பார்த்த முயற்சி இது என்று தெரிந்து சாப்பிடும்போது கிண்ணத்தின் கனம் வேறு.

பன்றி எலும்பை வெள்ளைச் சாறாகும் வரை கொதிக்கவைத்துச் சோற்றோடு தரும் துவேஜி குக்பாப் இவ்வூரின் அன்றாடச் சாப்பாடு. உப்பிட்ட இறாலும் பூண்டுத் தாளும் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். முதலில் வெறும் சாற்றை ஒரு வாய் குடியுங்கள், அப்புறம் இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டினால் உப்பு கரிக்கும். மீன் விழுதைப் பொரித்துச் செய்யும் ஒமுக்கும் பூசானின் அடையாளம். குச்சியில் கோத்துக் கொதிக்கும் சாற்றில் நிற்கும். அந்தச் சாற்றைக் காகிதக் குவளையில் பிடித்துக் குடிக்கலாம்.

ஜாகல்ச்சி மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பூசான் பேச்சில் அவர்களை ‘ஜாகல்ச்சி அஜிமே’ என்பார்கள், ‘ஜாகல்ச்சி அக்கா’ என்று சொல்லலாம். போரில் வீட்டு ஆணை இழந்து, ஒரு கூடை மீனோடு கரையில் உட்கார்ந்து குடும்பத்தை நிமிர்த்தியவர்களின் வழி வந்த தொழில். சந்தையின் முழக்கம் ‘ஓய்சோ, பொய்சோ, சாய்சோ’. வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க. சியோல் கொரிய மொழி படித்தவர்களுக்கே இந்தப் பேச்சு சட்டென்று பிடிபடாது.

சற்று உள்ளே குக்ஜே சந்தை. 1945இல் ஆட்சி முடிந்து ஜப்பானியர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களை விற்கத் தொடங்கிய இடம். பக்கத்துப் புப்யோங் சந்தைக்குக் ‘கங்தோங்’ என்று பட்டப்பெயர், தகர டப்பா என்று பொருள். அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து கசிந்த டப்பா உணவு இங்கே விற்றது. அதற்கு அப்பால் போசு தோங் பழைய புத்தகச் சந்து. வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி தரையில் பழைய பத்திரிகைகளைப் பரப்பி விற்றதில் தொடங்கியது என்கிறார்கள். போர்க்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் பூசானுக்கு இடம்பெயர்ந்து கூடாரத்தில் பாடம் நடத்தின, மாணவர்களுக்குப் புத்தகம் தேவைப்பட்டது. சோற்றுக்கே வழியில்லாத ஊரில் ஒரு புத்தகச் சந்து உருவானதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நடையின் உச்சம் அமி தோங் மலைச்சரிவு. ஜப்பானியர் ஆட்சியில் அது அவர்களது இடுகாடு. 1945க்குப் பிறகு கல்லறைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. போரில் ஓடிவந்தவர்களுக்குத் தங்க இடம் இல்லை. அவர்கள் கல்லறை மேல் வீடு கட்டினார்கள், கல்லறைக் கற்களே படியாகவும் அடித்தளமாகவும் ஆயின. என்னோடு வந்தவர் ஒரு வீட்டு வாசலில் குனிந்து, சுவரடியில் பாதி மறைந்திருந்த எழுத்துகளைக் காட்டினார். தனியாக வந்த நாளில் அதே சந்து வழியாகப் போயிருக்கிறேன், கல் என்றுதான் நினைத்தேன். பெரும்பாலான சுற்றுலாக்கள் இதை விட்டுவிட்டு, வண்ணம் பூசிய வீடுகளுக்குப் பெயர்போன பக்கத்துக் கம்சோனுக்குக் கூட்டிப்போகின்றன. கம்சோனும் அகதிகளின் குடியிருப்புதான், அழகும் கூட. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் அமி தோங் பாருங்கள். மக்கள் குடியிருக்கும் இடம் அது, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

நமக்கும் இந்தத் துறைமுகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில், 1950 நவம்பரில் பூசானில்தான் இறங்கியது. மூன்றாண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் காயம்பட்டவர்களைக் கவனித்தது. என் வழிகாட்டி இதைச் சொல்லவில்லை, நான் அவருக்குச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

காசு, கால், வயிறு

இரண்டு ஊர்களிலும் இரண்டு வகை வழிகாட்டல் உண்டு. உள்ளூர் நிர்வாகம் ஏற்பாடு செய்யும் கலாச்சார விளக்குநர்கள் கட்டணமின்றி வருவார்கள், முன்பதிவு வேண்டும், சாப்பாடு அதில் சேராது. தனியார் உணவு நடை என்றால் கட்டணம் உண்டு, ருசி பார்ப்பதும் அதிலேயே அடங்கும். தனியார் நடைக்குப் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம், மலைப்பகுதியில் எங்கே போவோம்? நான் கேட்காமல் போன ஒரு நடையில் சந்தையில் நின்றபடி நான்கு துண்டு ருசி, மீதி நேரம் முழுக்கப் படம் எடுக்க நிறுத்தம்.

பூசானில் படிக்கட்டு நிறைய. மூட்டு வலி உள்ளவர்களும் சின்னக் குழந்தையோடு வருகிறவர்களும் இஞ்சியோனையே எடுத்துக்கொள்ளலாம்.

சைவர்களுக்கும் இஞ்சியோன் கொஞ்சம் இணக்கம். முட்டையை எடுக்கச் சொல்லி ஜோல்மியோன் சாப்பிடலாம், விழுதில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். கோங்கல்பாங் இருக்கிறது. பூசானில் விதைகள் திணித்த ஹோத்தோக் பலகாரமும் சிவப்புப் பயற்றுக் கஞ்சியும் கிடைக்கும், அதற்கு மேல் சிரமம். சாறு என்றாலே நெத்திலியோ எலும்போ இருக்கும். பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: ஜாஜாங்மியோனில் பன்றி இருக்கும், பூசானில் மீன் இருக்கிறது.

மூன்றாவதாகக் குன்சானைச் சிலர் சொல்வார்கள். கொரிய நெல்லை ஜப்பானுக்கு அள்ளிப்போன துறைமுகம், ஜப்பானியப் பாணிக் கோயிலும் பழைய ரொட்டிக்கடையும் உண்டு. இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதனால் என் தேர்வு இப்படி. இஞ்சியோனுக்கு வழிகாட்டி வேண்டாம், ஒரு காலையில் நீங்களே நடந்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பூசானில் ஒரு நல்ல வழிகாட்டிக்குக் கொடுங்கள். முடிந்தால் சனிக்கிழமையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். 1966இல் நின்றுபோய் 2013இல் மீண்டும் தொடங்கிய யோங்டோ பாலத் தூக்கு இப்போது சனிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது, கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாலம் மேலே எழும்போது வண்டிகள் எல்லாம் நின்றுவிடும். கரையோரம் நிற்கும் கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாலம் கீழே வந்ததும் மில்மியோன் சாப்பிடப் போங்கள்.