15 மீட்டர் டோ பெல்ட்: வாங்கலாம், ஆனால் அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

டோ பெல்ட் என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு, அதன் பையிலிருக்கும் கயிற்றால் இன்னொரு கயாக்கை (துடுப்புப் போடும் சிறு படகை) இழுக்கும் பட்டை. ஆடிக் காற்றில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசைக் கடல் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் அங்கே கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பதால் வரும் அமைதி அது. கொஞ்சம் உள்ளே போய்க் கவிழ்ந்து, கயாக்கைக் கைவிட்டால், காற்று அதைக் கொண்டுபோகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. மதுரையிலிருந்து சனி ஞாயிறில் அங்கே போகிறவர்கள் இந்த டோ பெல்ட்டை அந்த நிலைமைக்குத்தான் எடைபோட வேண்டும்.

கயிறு நன்றாக இருக்கிறது. பாலிபுரொப்பிலீன், மிதக்கும். கடையில் நைலான் வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாமே என்பார்கள்; நைலான் மூழ்கி ரட்டரில் (சுக்கானில்) சுற்றும். சந்தேகமென்றால் ஒரு சாண் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காற்றும் அலையும் பின்னாலிருந்து வந்தால் 15 மீட்டரும் வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும் படகு அலையில் வழுக்கி வந்து உங்கள் முதுகில் இடிக்கும். எதிர்காற்றில் பாதி போதும். மீதியைச் சங்கிலிப் பின்னலாகச் சுருக்கிவிடலாம்.

பெரிய கோளாறு பக்கிளில். அவசரத்தில் பெல்ட்டைக் கழற்ற அதிலுள்ள உருண்டையை இழுத்ததும் பட்டை முழுதாக உருவிக்கொண்டு பையோடு போய்விட வேண்டும். இதில் பட்டை நுனியை மடித்துத் தைத்திருக்கிறார்கள். கரையில் சும்மா இழுத்தால் கழன்றுவிடும். கயிறு விறைத்து நிற்கும்போது அந்தத் தடிப்பு பக்கிள் வாயில் சிக்குகிறது. மடிப்பை வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுங்கள். வெளியே தொங்கும் வால் ஒரு கையகலம் போதும். பிறகு ஒருவரைக் கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்லி, இடக்கை வலக்கை இரண்டாலும் கழற்றிப் பாருங்கள்.

கொக்கி இரும்பு, மேலே வெறும் முலாம். காந்தம் பச்சென்று ஒட்டுகிறது. உப்புத் தண்ணீரில் ஸ்பிரிங் இறுகிவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி போடுங்கள். அதிர்வு தாங்கும் ரப்பர் கயிறும் கிடையாது, ஒவ்வொரு அலையின் வெட்டும் இடுப்பில் விழும்.

கவிழ்ந்தவரிடம் முதலில் கத்த வேண்டியது: "படகை விடாதே, துடுப்பை விடாதே!" வாடகைக்குக் கிடைக்கும் மேலே உட்காரும் கயாக்கில் தண்ணீர் இறைக்கும் வேலை இல்லை. நிமிர்த்தி, இரண்டு படகையும் ஒட்டி வைத்து, நீங்கள் அவர் படகின் மேல் சாய்ந்து இறுகப் பிடிக்க, அவர் காலை உதைத்து வயிற்றால் ஏறுவார். பிடித்திருப்பவரால் துடுப்புப் போட முடியாது; அதற்குள் இரண்டு பேரும் வெளியே அடித்துப் போய்க்கொண்டிருப்பீர்கள். பெல்ட் கட்டிய மூன்றாவது ஆள் பிடித்திருப்பவர் படகின் மூக்குப்பிடியில் (முன்நுனிக் கைப்பிடியில்) கொக்கி மாட்டி, கரையை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டியது அப்போதுதான். இரண்டே பேர் என்றால் கச்சான் காலத்தில் கரையை விட்டு நகராதீர்கள்.

பை வாய் சின்னது, ஈரக் கயிற்றைத் திணிக்கப் பொறுமை வேண்டும். வளையமாகச் சுற்றி வைக்காமல் நுனியிலிருந்து அப்படியே திணியுங்கள். வெளிப்பக்கம் 1554 என்று கடலோரக் காவல்படை எண்ணை மார்க்கரில் எழுத இடமிருக்கிறது.