90 நாள் திட்டமும் என் குதிகால் நாணும்: நாற்பதைத் தாண்டி ஜிம்மில் சேர்பவர்கள் கவனத்துக்கு

47 வயதில், இருபது ஆண்டு நாற்காலி வேலைக்குப் பிறகு, ஒரு ஜிம்மின் 90 நாள் திட்டத்தில் சேர்ந்தேன். 26ஆம் நாள் இடது குதிகாலின் தசைநாண் அறுந்தது. சுளுக்கு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் நானும் அதை நம்பி நொண்டிக்கொண்டிருந்தேன். இதே வயதில், இதே ஆசையோடு எங்காவது பணம் கட்டப் போகிறவர்கள் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேர்ந்த அன்று ஒரு தாளை நீட்டினார்கள். பெயர், உயரம், எடை, அடைய விரும்பும் எடை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பயிற்சியின்போது நேரும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. கையெழுத்துப் போட்டேன். என் நெஞ்சைப் பற்றியோ மூட்டைப் பற்றியோ நான் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியோ அதில் ஒரு கேள்வியும் இல்லை. கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் புழங்கும் பார்-க்யூ என்றொரு கேள்வித்தாள் உண்டு. ஏழே கேள்விகள், ஆம், இல்லை என்று சொன்னால் போதும். இதய நோய் உண்டா, நெஞ்சு வலித்ததா, தலை சுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ கோளாறு உண்டா என்கிற வகை. ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் மேற்கொண்டு விசாரிக்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகாது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குக் கால் போன பிறகுதான் தெரியும்.

பயிற்சியாளருக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன், அது வேறு விஷயம். தன் உடம்புக்கு எது சரிப்பட்டதோ அதையே என் உடம்புக்கும் எழுதிவிட்டார். முதல் வாரமே முழங்கால் உயர மரப்பெட்டியின் மேல் தாவி ஏறி, தாவி இறங்க வேண்டும். பத்துப் பத்தாக நான்கு சுற்று. வார்ம் அப் என்பது டிரெட்மில்லில் இரண்டு நிமிடம். அதாவது அவர் செல்பேசியில் பேசி முடிக்கும் வரை.

மூன்றாவது வாரம் எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருந்தது. நடுவயதில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. தசையும் அவற்றின் பின்னாலேயே தேறிவிடுகிறது. தசையை எலும்போடு கட்டிவைக்கும் நாண் மட்டும் சோம்பேறி. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். குதிகாலுக்கு இரண்டு முதல் ஆறு செ.மீ. மேலே இரத்த ஓட்டம் இன்னும் குறைவு, நாண் பெரும்பாலும் அறுவதும் அங்கேதான். சாதாரணமாக ஓடினாலே உடல் எடையைப் போல ஆறேழு மடங்குச் சுமை அந்த நாணில் விழுகிறது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஒருவனை எடுத்த எடுப்பிலேயே பெட்டிமேல் தாவவிட்டார்கள்.

உடம்பு சொல்லாமல் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்தே காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்து அடிக்கு இடது குதிகால் விறைத்திருக்கும். நடக்க நடக்க விட்டுவிடும். விரலால் நெருடிப் பார்த்தால் நாணில் ஓரிடம் தடித்து, தொட்டாலே வலித்தது. பயிற்சியாளரிடம் சொன்னேன். "வலித்தால்தான் சார் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்றார். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை ஆபத்து. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு தசை வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சில நாளில் தணியும். தசை முழுக்கப் பரவலாக இருக்கும். ஒரே காலில், ஒரே புள்ளியில், விடிந்தால் திரும்பி வருகிற வலி வேறு ரகம். அவருக்கு அது தெரியவில்லை. இணையத்தில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும்.

26ஆம் நாள், மூன்றாவது சுற்று, ஏழாவது தாவல். 'பட்'டென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்தது. "யார் தம்பி உதைத்தது?" என்று கோபமாகத் திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது. வலி அப்படியொன்றும் உயிர் போகவில்லை. பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார், கொஞ்சம் அசைந்தது. "அசைகிறதே சார், சுளுக்குதான்" என்று களிம்பு தடவி, அறுந்த இடத்தை அழுத்தித் தேய்த்தும் விட்டார்.

வீக்கம் வடியாமல் ஒன்பதாம் நாள் எலும்பு மருத்துவரிடம் போனேன். குப்புறப் படுக்கவைத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டச் சொன்னார். வலது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். பாதம் மீன் வால் போலத் துள்ளியது. இடது கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் தொங்கியபடியே கிடந்தது. தாம்ஸன் பரிசோதனை என்று பெயராம். பத்து விநாடி வேலை. கால்விரல்களை மடக்கும் தசைகளும் பாதத்தைச் சற்று அசைக்கும் என்பதால் அசைகிறதே என்று நிம்மதி அடையக் கூடாது என்றார். சத்தம் கேட்டு, அதன் பிறகு அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாள் தள்ளினால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கி, சிகிச்சை கடினமாகும்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா?" சேருவதற்கு முந்தைய மாதம் சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிட்டிருந்தேன். அந்த வகை மருந்துகள் நாண் அறுவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியதாம். என் நாண் அதனால்தான் அறுந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்கத் தோன்றிய முதல் ஆள் அவர்தான்.

மீதி 64 நாட்களுக்கான கட்டணத்தைக் கேட்டு எழுதினேன். நான் கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து, பொடி எழுத்து வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினார்கள். பதில் என்று ஒரு சொல்கூட இல்லை. எனவே மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்; காயம்பட்டால் திட்டத்தை நிறுத்திவைக்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் நாளே உங்கள் மாத்திரை, மூட்டு, பழைய காயம் எதையும் கேட்காமல் தாவச் சொல்லும் இடமாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது என்னைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வரிசையே வேறு. பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். எடை, வேகம், நேரம் மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றைத்தான் கூட்டலாம். தாவல் பற்றிய பேச்சே இன்னும் பல மாதங்களுக்கு இல்லை. சிகிச்சைக்காக மாட்டியிருந்த, குதிகால் உயர்த்திய பூட்ஸைக் கழற்றி ஐந்து வாரம் ஆகிறது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரு காலிலும் நின்று குதிகாலைத் தூக்கி, நான்கு எண்ணி இறக்குகிறேன். இன்று காலை பன்னிரண்டு முறை வந்தது. இடது காலில் மட்டும் நின்றால் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும்.